இன்று யார் பாடு?

‘ஒரு குடியிருப்பு உருவாவதற்கான காரணிகள் யாவை?’ ஐந்து மதிப்பெண் கேள்வி. நல்ல நீர், வளமான மண், சமமான நிலம், போக்குவரத்து, பாதுகாப்பு என்று வரிசையாக எழுதினால் ஐந்துக்கு ஐந்து. ஆண்டுதோறும் விடைத்தாள் திருத்தும் புவியியல் ஆசிரியருக்கு இந்த வரிசை தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதே விடையை மனத்தில் வைத்துக்கொண்டு பழவேற்காட்டுப் பாலத்தின் மேல் நின்று கிழக்கே பார்த்தால் சிக்கல் தொடங்கிவிடும். எதிரே தெரியும் குப்பங்களில் மண் என்பது மணல்தான். நெல்லோ கேழ்வரகோ விளையாது. நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பு. ஒரு பக்கம் கழி, மறுபக்கம் வங்கக்கடல். வடகிழக்குப் பருவமழையில் வரும் புயலுக்கு நேரே முகம் காட்டி நிற்கும் நிலம். பாடநூல் கணக்குப்படி இங்கே ஓர் ஊருக்கு ஐந்தில் ஒன்று தேறுவதே கடினம். ஆனால் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன, நேற்று முளைத்தவையும் இல்லை.

இந்தப் புதிரைத்தான் பயிற்சியின் முதல் பாடமாக வைக்க வேண்டும். குறுவள மையக் கூட்டத்திலோ மாவட்ட அளவிலான பணியிடைப் பயிற்சியிலோ ‘நீடித்த சமூகங்களும் குடியிருப்புகளும்’ என்ற தலைப்பைக் கையாளப்போகும் கருத்தாளர், ஐ.நா.வின் 17 இலக்குகளைத் திரையில் காட்டித் தொடங்குவதுதான் வழக்கம். பதினோராவது இலக்கு நகரங்களையும் சமூகங்களையும் பற்றியது, 2015இல் ஏற்கப்பட்டது, குறித்துக்கொள்ளுங்கள். மதிய உணவுக்குள் பாதிப்பேர் கைபேசிக்குள் போயிருப்பார்கள். பழவேற்காட்டிலிருந்து தொடங்கினால் நிலைமை வேறு. இங்கே ஓர் ஊர் எப்படி நிலைத்திருக்கிறது என்று கேட்டால், பதில் மண்ணிலும் நீரிலும் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, அந்த நீரில் இன்றைக்கு யார் வலை கட்டலாம் என்று ஊர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட ஏற்பாட்டில் இருக்கிறது. அந்தப் பாதியைப் பாடநூல் தொடுவதில்லை. இந்த அத்தியாயம் அதைப் பற்றியது.

வாய் திறந்து மூடும் ஏரி

பெயரில்தான் ஏரி. உள்ளபடி பழவேற்காடு ஓர் உப்பங்கழி. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவிலேயே பெரியது. வடக்குத் தெற்காகச் சுமார் 60 கிலோமீட்டர் நீளம். அதில் தமிழ்நாட்டுக்கு உரியது தென்கோடி மட்டும், மற்றதெல்லாம் ஆந்திரம். பரப்புக்கு ஏற்ற ஆழம் கிடையாது. பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். தெற்கே ஆரணியாறும் வடமேற்கே காளங்கியும் நன்னீரைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. கடலுக்கும் கழிக்கும் நடுவே நீளமான மணல்திட்டாகக் கிடக்கிறது ஸ்ரீஹரிகோட்டா. கடல்நீர் உள்ளே வர வழி, முகத்துவாரங்கள். தென்பகுதி ஊர்களுக்குப் பழவேற்காட்டு முகத்துவாரமே உயிர்நாடி.

அந்த வாய் எப்போதும் திறந்திருப்பதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆற்றுவெள்ளம் கழியை நிரப்பி, மணலை அறுத்துக்கொண்டு கடலுக்குள் பாயும். வெள்ளம் வடிந்ததும், கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டே இருக்கும் மணல் மெல்ல மெல்ல வாயை அடைக்கும். கோடையில் முழுதாக மூடிக்கொள்வதும் உண்டு. மூடினால் என்ன? வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில், குஞ்சு வளர்வது கழியில், வளர்ந்தபின் திரும்புவது கடலுக்கு. வாய் அடைபட்டால் இந்தப் போக்குவரத்து நிற்கும். தண்ணீர் வற்றும், உப்பேறும், சூடாகும். மடவையும் நண்டும் குறையும். குப்பத்தில் கடன் கூடும். நீரியல், உயிரியல், பொருளியல் மூன்றும் ஒரே மணல்திட்டில் முடிச்சுப்போட்டுக் கிடக்கின்றன. ஆசிரியருக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

ஊர் மக்களே திரண்டு மண்ணை வெட்டி வாயைத் திறந்துவிட்ட காலங்கள் உண்டு. அண்மை ஆண்டுகளில், கற்களால் தடுப்புச்சுவர் கட்டி முகத்துவாரத்தை நிலையாகத் திறந்து வைக்கும் வேலையை அரசு கையில் எடுத்தது. அதைப் பார்க்கப் போகும் ஆசிரியர்கள் கூடவே ஒரு கேள்வியையும் எடுத்துப்போகட்டும். நகரும் மணலுக்குக் குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே கரை சேரும், வடக்கே கரை கரையும். சென்னைத் துறைமுகம் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டப்பட்டபோது தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. இந்தப் பாடத்துக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட சாட்சி சென்னையிலேயே இருக்கிறது.

பாடு என்றால்

மீனவர் பேச்சில் ‘பாடு’ பல வேலை செய்யும் சொல். ‘இன்னிக்கு மீன்பாடு எப்படி?’ என்றால் எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறார்கள். வயிற்றுப்பாடு எல்லோருக்கும் தெரியும். மூன்றாவது பொருள்தான் நமக்கு வேண்டியது: வலை கட்டும் இடமும், அதில் கட்டும் முறையும். இலங்கையின் தமிழ்க் கரையிலும் கரைவலை இழுக்கும் இடத்துக்குப் பாடு என்றே பெயர். பூநகரிப் பக்கம் வலைப்பாடு என்று ஓர் ஊரே உண்டு.

பழவேற்காட்டில் கழியின் எல்லா இடமும் ஒன்றல்ல. முகத்துவாரத்தை ஒட்டிய நீரோட்டத்தில் கம்பு ஊன்றிச் சுத்துவலை கட்டினால் இறால் நிறைய விழும். தள்ளிப் போகப் போகக் குறையும். விட்டால் நல்ல இடத்துக்கு நாள்தோறும் அடிதடிதான். அதைத் தவிர்க்க, கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய பட்டினவர் ஊர்கள் முறை வைத்துக்கொண்டன. எந்த இடத்தில் எந்த நாள் எந்த ஊர் என்பது சுழற்சி. ஊருக்குள் யாருக்கு எது என்பதற்குச் சீட்டு. உரிமை தலைக்கட்டைப் பொறுத்தது. இன்று கடைசி இடம் விழுந்தவருக்கு இன்னொரு நாள் முதல் இடம் வரும். பத்திரப்பதிவு அலுவலகத்தில் இதற்கு ஒரு காகிதமும் கிடையாது.

உணவு, வேளாண்மை அமைப்புக்காக 1991இல் செபாஸ்டியன் மேத்யூ எழுதிய ஆய்வு, பழவேற்காட்டுப் பாட்டு முறையை உலக மீன்வள அறிஞர்களின் கவனத்துக்குக் கொண்டுபோனது. பொதுவளத்தை அரசும் சந்தையும் இல்லாமல் மக்களே ஒழுங்குபடுத்திக்கொள்ள முடியும் என்று காட்டியதற்காக எலினோர் ஆஸ்ட்ரம் 2009இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். அவர் பேசிய வகை ஏற்பாட்டுக்குப் பழவேற்காட்டிலேயே ஒரு மாதிரி இருந்துகொண்டிருக்கிறது.

இவ்வளவோடு நிறுத்தினால் ஆசிரியர்கள் கைதட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நிறுத்தக் கூடாது. பாட்டு முறையில் எல்லோருக்கும் இடமில்லை. கழியை நம்பியே வாழும் இருளர்கள் வலையின்றி, சேற்றில் தடவித் தடவிக் கையால் இறால் பிடித்து, வாயில் கவ்விய பறியில் போடுபவர்கள். அவர்கள் பெயர் சீட்டில் வராது. பிற சாதியார், பின்னால் மீன்பிடிக்க வந்தவர்கள், பெண்கள் எல்லோரும் இந்த வட்டத்துக்கு வெளியே. 2008இல் வெளிவந்த சாரா கூல்தார்டின் ஆய்வு இன்னொரு சங்கடத்தையும் எடுத்துக்காட்டியது: கழியில் மீன்பாடு குறையும்போது, உரிமை உள்ளவர்கள் அந்த உரிமையையே பற்றிக்கொண்டு வேறு தொழிலுக்கு நகரத் தயங்குகிறார்கள். ஊரைக் காப்பாற்றிய கயிறே காலையும் கட்டக்கூடும். ‘நீடித்த சமூகம்’ என்று பாடநூல் சொல்லும்போது ‘யாருக்கு நீடித்த?’ என்று கேட்க மாணவர்களைப் பழக்க இதைவிடக் கச்சிதமான இடம் வேறில்லை.

புளியங்கொட்டை ஆட்டம்

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட ஆடிப் புரியவைப்பது எளிது. தேவை: சாக்பீஸ், அறுபது புளியங்கொட்டை, ஒரு விசில், முப்பது ஆசிரியர்கள்.

தரையில் ஒன்பது வட்டங்கள், மூன்று வரிசையாக. முதல் வரிசை முகத்துவாரத்தை ஒட்டியது: வட்டத்துக்குப் பன்னிரண்டு கொட்டை. நடுவரிசைக்கு ஆறு. கடைசி வரிசைக்கு இரண்டே இரண்டு. எட்டுப் பேராக மூன்று ஊர்களைப் பிரித்துவிட்டு, மீதி ஆறு பேரைத் தனியே நிறுத்த வேண்டும். அவர்களுக்கு இப்போதைக்கு வேலையில்லை. அதையும் அவர்களிடம் சொல்லிவிட வேண்டும்.

முதல் சுற்றில் விதியே கிடையாது. விசில் அடித்ததும் யாரும் எங்கும் பாயலாம். முதல் வரிசை வட்டங்களில் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை. நாற்பது வயதுத் தலைமையாசிரியர்கள்கூடச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பாய்வார்கள். சிலர் கையில் பத்துக்கு மேல் இருக்கும், பலர் கை வெறுமையாக இருக்கும். ஒவ்வொருவரும் தன் எண்ணிக்கையைப் பலகையில் எழுதட்டும்.

அடுத்தது பாடு. சீட்டுப்போட்டு மூன்று ஊர்களுக்கும் ஒரு நாளைக்கு ஒரு வரிசை. மூன்று நாள் சுழற்சி முடிந்தால் ஒவ்வோர் ஊருக்கும் 36, 18, 6, ஆக அறுபது. எட்டால் வகுத்தால் ஏழரை. யாரும் பணக்காரர் ஆகவில்லை, யாரும் பட்டினி இல்லை. முதல் சுற்றின் எண்களை மூன்று நாளுக்குப் பெருக்கி, இதோடு பலகையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாலே போதும், சராசரியும் பரவலும் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஒதுங்கி நிற்கும் ஆறு பேரைக் கூப்பிடுங்கள். ஊர்க்காரர்கள் எடுத்தபின் தரையில் சிந்திக் கிடப்பதை மட்டும் அவர்கள் பொறுக்கலாம். இதற்கு முந்தைய சுற்றில் ‘எவ்வளவு நியாயமான முறை’ என்று வியந்தவர்கள் இந்தக் கட்டத்தில் கொஞ்சம் அமைதியாவார்கள். எச்சரிக்கை ஒன்று: இந்த ஆறு பேருக்குச் சாதிப் பெயர் சூட்டக் கூடாது, ‘வெளியூர்’ என்று சொன்னால் போதும். ஆசிரியர்களிடம் நாம் ஆடும் ஆட்டம் அடுத்த வாரம் எட்டாம் வகுப்பில் நடக்கும். அந்த வகுப்பில் அந்தச் சாதிக் குழந்தை உட்கார்ந்திருக்கும்.

கடைசிச் சுற்று: முகத்துவாரம் அடைபட்டது. எல்லா வட்டங்களிலும் இரண்டு கொட்டைதான். விதி அதேதான், சீட்டும் அதேதான், மூன்று நாள் முடிவில் ஓர் ஊருக்குப் பதினெட்டு. ‘இனி என்ன செய்வீர்கள்?’ என்று ஒவ்வோர் ஊரையும் கேட்டால், கடலுக்குப் போவோம், கூலிக்குப் போவோம், மண்ணை வெட்டுவோம், மனுக்கொடுப்போம், பக்கத்து ஊர் இடத்தில் புகுவோம் என்று பதில் வரும். பழவேற்காட்டில் நடப்பதும் ஏறக்குறைய இதே பட்டியல்தான்.

எம்டன் மூழ்கடித்த வரைபடங்கள்

ஊரைப் பார்த்துப் பாடம் கற்பது புதுமுறை என்று எண்ணுபவர்களுக்கு ஒரு பழங்கதை. ஸ்காட்லாந்துக்காரர் பேட்ரிக் கெடிஸ், 1914இல் நகரமைப்புக் கண்காட்சியோடு சென்னைக்குக் கிளம்பினார். அவர் வந்து சேர்ந்தார். கண்காட்சிப் பொருள்கள் வரவில்லை. அவற்றை ஏற்றிவந்த கிளான் கிராண்ட் என்ற கப்பலை, செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசிக் கலங்கடித்த அதே ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன், அக்டோபரில் மூழ்கடித்தது. ‘சரியான எம்டன்’ என்று நாம் இன்றும் திட்டுவதற்கு இன்னொரு நியாயம். நண்பர்கள் புதிதாகத் திரட்டி அனுப்பிய படங்களை வைத்து 1915 ஜனவரியில் சென்னையில் கண்காட்சி நடந்தது. ‘இடம், தொழில், மக்கள்’ மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும், திட்டம் போடுமுன் அளவாய்வு செய்ய வேண்டும் என்பது கெடிஸின் கட்சி. மலையுச்சியில் சுரங்கத் தொழிலாளியில் தொடங்கி, வேடர், இடையர், உழவர் என்று இறங்கும் அவருடைய புகழ்பெற்ற பள்ளத்தாக்குப் படம் கடற்கரையில் மீனவரில் முடிகிறது. குறிஞ்சியிலிருந்து நெய்தல்வரை நடந்து பழகிய தமிழாசிரியருக்கு அந்தப் படம் அந்நியமாகத் தோன்றாது.

மறு ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களிடம் ஒரு கேள்விப் பட்டியலைக் கொடுத்துச் சொந்த ஊர்களுக்கு அனுப்பினார். இருவேல்பட்டு, தூசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலைபுரம் முதலிய ஊர்களின் கணக்கு 1918இல் நூலாயிற்று. 1930களில் பி. ஜே. தாமசும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களுக்குத் திரும்பிப் போனார்கள். அதன் பிறகும் ஆய்வாளர்கள் போய்க்கொண்டிருக்கிறார்கள். இருவேல்பட்டின் நூறாண்டு மாற்றம் இன்று கையில் இருக்கிறது. ஒரே ஊரை மறுபடி மறுபடி அளப்பதன் பலன் அது. ஆனால் மேற்சொன்ன ஐந்தும் உழவூர்கள். அந்தப் பெயர்களில் ஒரு குப்பம்கூட இல்லை.

புவியியல் ஆசிரியர்கள் தாங்களாகவே கூடி 1926இல் தொடங்கிய சென்னைப் புவியியல் சங்கம்தான் பின்னால் இந்தியப் புவியியல் கழகமாயிற்று. பல்கலைக்கழகத்தில் துறை வருமுன்பே வகுப்பறைக்காரர்கள் சங்கம் வைத்துவிட்டார்கள் என்பதைப் பயிற்சியில் ஒரு வரியாவது சொல்லலாம். மேலிருந்து சுற்றறிக்கை வந்தால்தான் பயிற்சி என்ற நினைப்பு கொஞ்சம் தளரும்.

களநாள்

முதலில் பாதுகாப்பு. பயிற்சிக் குழு படகில் ஏறக் கூடாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணம் வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். பாலத்திலிருந்தும் கரையிலிருந்தும் பார்க்க வேண்டியது நிறைய உண்டு. இரண்டாவது, ஊர் நிர்வாகிகளிடம் முன்கூட்டியே சொல்லி அனுமதி பெறுவது. முப்பது பேர் நோட்டுப் புத்தகத்தோடு இறங்கினால் நிலம் எடுக்க வந்த அதிகாரிகள் என்றே ஊர் நினைக்கும். அப்படி நினைக்க அதற்குக் காரணமும் இருக்கிறது, கீழே வரும்.

விடிகாலையில் மீன் ஏலம் விடும் இடத்துக்குப் போய்விட வேண்டும். ஒன்பது மணிக்குப் போனால் ஈரத்தரையும் காக்கையும்தான் மிஞ்சும். ஒரு கூடை நண்டு எங்கே போகிறது, ஐஸ் எங்கிருந்து வருகிறது, ஏலம் கூவுபவர் யார், தூக்கிச் சுமந்து விற்பவர் யார் என்று கவனித்து அம்புக்குறிகளாக வரைந்தால், பாடநூல் ‘சூழலமைவு’ என்று சொல்வது கண்முன் வந்துவிடும். கேள்வி கேட்பதிலும் ஒரு பக்குவம் வேண்டும். ‘உங்கள் மாத வருமானம் எவ்வளவு?’ என்று ஆரம்பித்தால் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள், சொல்லவும் தேவையில்லை. ‘ஏங்க்கா, இன்னிக்கு யாரு பாடு?’ என்று ஓர் ஆசிரியை கூடைக்காரம்மாவிடம் கேட்டுப் பார்க்கட்டும். ஊர்ப் பெயரில் தொடங்கும் பதில், முகத்துவாரம், மழை, கடன், மகனின் வேலை என்று தானே நடந்து போகும். குறிப்பெடுப்பதைப் பேச்சு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது வாசலிலிருந்து படகுவரை. ஆசிரியர் தன் நூறு காலடி எத்தனை மீட்டர் என்று பள்ளி மைதானத்திலேயே அளந்து வைத்துக்கொண்டு வர வேண்டும். பிறகு, அனுமதி தந்த வீட்டு வாசலிலிருந்து அந்த வீட்டுப் படகு நிற்கும் இடம்வரை நடந்து எண்ண வேண்டும். 2004 சுனாமிக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் புதுவீடுகளைக் கடலிலிருந்து 200 மீட்டருக்கு அப்பால் கட்டுவதே அரசின் கொள்கையாக இருந்தது. உயிருக்கு அது நல்லது. ஆனால் வலையையும் இன்ஜினையும் தோளில் சுமந்து அந்தத் தூரத்தைத் தினமும் இரு முறை கடப்பவருக்கு, வாசலில் உட்கார்ந்து கடலின் நிறத்தைப் பார்க்க முடியாமல் போனவருக்கு, அந்த எண் வேறு பொருள் தரும். பத்து வீடுகளின் காலடிக் கணக்கைப் பழைய தெரு, புதுக் குடியிருப்பு என்று இரண்டு நிறத்தில் குறித்தால் மறுகுடியமர்வு பற்றி ஓர் அத்தியாயம் படித்த பலன் கிடைக்கும்.

உப்பளவுக்கு ஒரு கைவேலை. தீர்ந்துபோன ஸ்கெட்ச் பேனாவின் குழலை எடுத்து அடிமுனையில் களிமண்ணும் கொஞ்சம் மணலும் திணித்து, நேராக மிதக்கிறதா என்று பார்க்க வேண்டும். குடிநீரில் மிதக்கவிட்டு நீர்மட்டம் தொடும் இடத்தில் ஒரு கோடு. பிறகு ஒரு லிட்டர் நீரில் 35 கிராம் உப்பைக் கரைத்தால் ஏறக்குறையக் கடல்நீர். அதில் மிதக்கவிட்டு இன்னொரு கோடு. இரண்டுக்கும் இடைவெளி மூன்று மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும், கோடு மெல்லியதாக இருக்க வேண்டும். பாலத்தடி, முகத்துவாரப் பக்கம், ஆறு சேரும் பக்கம் என்று மூன்று பாட்டில் நீர் கொண்டுவந்து சோதித்தால் குழல் வெவ்வேறு உயரத்தில் நிற்கும். விலை உயர்ந்த கருவி இதைவிடத் துல்லியமாக அளக்கும், மறுக்கவில்லை. ஆனால் அதை மாணவர் வீட்டில் செய்து பார்க்க முடியாது.

பெயர்களையும் விடக் கூடாது. குப்பம், பாக்கம், பட்டினம், தாங்கல், பேட்டை என்று முடியும் ஊர்களை வரைபடத்தில் நிறம் தீட்டினால், மீன், உப்பு, வணிகம், பாசனம் எங்கெங்கே இருந்தன என்று ஒரு பழைய நிலப்படம் அடியிலிருந்து மேலே வரும். காவிரிப்பூம்பட்டினத்து மருவூர்ப்பாக்கத்தைப் படித்தவர்களுக்கு இந்த விளையாட்டில் தனி ருசி.

யார் வந்தார்கள், யார் போனார்கள்

டச்சுக்காரர்கள் 1609இல் இங்கே வணிகத்துக்கு வந்தார்கள். 1613இல் எழுந்த கெல்ட்ரியா கோட்டை, 1690இல் தலைமையகம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம். சாயத்துணி கப்பலேறியது, வெடிமருந்து தயாரானது, மனிதர்களும் அடிமைகளாக விற்கப்பட்டு, இன்றைய ஜகார்த்தாவான பட்டாவியாவுக்கு ஏற்றப்பட்டார்கள். கழியின் வட பகுதியில் ஆர்மகானில் கடை வைத்திருந்த ஆங்கிலேயர், இடம் சரிப்படாமல் 1640இல் தெற்கே சென்னைக்கு நகர்ந்தார்கள். இன்று டச்சுக் கோட்டை புதர்மேடு. கல்லறைத் தோட்ட வாயிலில் இரண்டு எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. துணிவணிகப் பட்டினம் போய்விட்டது, குப்பங்கள் இருக்கின்றன. ‘எது நீடித்தது?’ என்று கேட்டுவிட்டு ஆசிரியர்களைக் கல்லறைக்கும் மீன் ஏலத்துக்கும் இடையே நடக்கவிடலாம்.

20ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் கப்பலில் வரவில்லை. 1960களின் இறுதியில் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளித் தளத்துக்குத் தேர்வாயிற்று. தீவில் வாழ்ந்த யானாதிப் பழங்குடிகள் உள்ளிட்டோர் இடம்பெயர நேர்ந்தது. 1971 அக்டோபர் 9 அன்று முதல் ராக்கெட் கிளம்பியது. இன்றும் ஏவுதல் நாள் குறித்தால் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது என்று அறிவிப்பு வரும். நாடு தொலைக்காட்சி பார்க்கும் அந்தக் காலையில் இங்கே ஒரு நாள் மீன்பாடு இல்லை. இஸ்ரோவின் புவன் இணையதளத்தில் கழியின் செயற்கைக்கோள் படத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது, படம் எடுத்த செயற்கைக்கோளும் அநேகமாக இந்த ஊர்களின் பக்கத்திலிருந்துதான் கிளம்பிப் போனது என்பதையும் சொல்லலாம்.

தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001இல் திறக்கப்பட்டது. பிறகு காட்டுப்பள்ளியில் கப்பல் தளமும் துறைமுகமும் வந்தன. காட்டுப்பள்ளிக் குப்பம் இடம் மாறியது. துறைமுக விரிவாக்கத் திட்டம் 2018க்குப் பிறகு பேச்சுக்கு வந்தபோது, கரை அரிக்கும், முகத்துவாரம் கெடும் என்று பழவேற்காட்டு ஊர்கள் எதிர்த்தன. வேலையும் சாலையும் வரும் என்று சொல்பவர்களும் உண்டு. பயிற்சியில் இரு தரப்பையும் வைக்க வேண்டும். ஆனால் இரு தரப்பின் பலமும் ஒன்று என்று நடிக்கத் தேவையில்லை. ஒரு தரப்பிடம் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை எழுத நிபுணர் இருக்கிறார். மறு தரப்பிடம் மணல் எந்த மாதம் எங்கே நகரும் என்ற நினைவு இருக்கிறது.

அந்த நினைவுக்கும் சில சமயம் நீதிமன்றம் காது கொடுத்தது உண்டு. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: சிலிகா, பழவேற்காடு இரண்டு ஏரிகளையும் சுற்றி ஆயிரம் மீட்டருக்குள் இறால் பண்ணை கூடாது. உயர்நிலை வகுப்புக்கு இந்தத் தீர்ப்பு நல்ல வரைபடப் பயிற்சி. ஏரியின் கரை எது? மழைக்கால விளிம்பா, கோடைக்கால விளிம்பா? ஆயிரம் மீட்டரை எங்கிருந்து அளப்பது?

வெளி உதாரணம் வேண்டுமென்றால் இரண்டு போதும். ஒன்று சிலிகா. வாய் தூர்ந்து மீன் குறைந்துபோன அந்தக் கழிக்கு 2000 செப்டம்பரில் புதிதாக ஒரு முகத்துவாரம் வெட்டினார்கள். உப்பளவும் மீனும் மீண்டன, 2002இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சார் விருது கிடைத்தது. மற்றொன்று, வேடிக்கையாக, டச்சு நாடு. கெல்ட்ரியா என்ற பெயரே கெல்டர்லாந்து மாகாணத்திலிருந்து வந்தது. அந்த மாகாணத்தின் ஹார்டர்வேக், சோய்டர்ஸே என்ற கடல்கழியை நம்பிய மீன்பிடி ஊர். 1932இல் 32 கிலோமீட்டர் அணை போட்டுக் கடலின் வாயை நிரந்தரமாக அடைத்தார்கள். வெள்ளத்திலிருந்து நாடு தப்பியது, புது நிலம் கிடைத்தது. உப்புநீர் நன்னீரானது, கடல்மீன் போயிற்று. தீவாக இருந்த உர்க் நிலத்தோடு சேர்ந்துவிட்டது, ஆனால் அந்த ஊர்க்காரர்கள் விடாமல் வடகடலுக்குப் போய் இன்றும் மீன்பிடிக்கிறார்கள். வாயைத் திறந்த இடம் ஒன்று, அடைத்த இடம் ஒன்று. பழவேற்காட்டுக்கு எது பொருந்தும் என்று பத்தாம் வகுப்பு மாணவர் எழுதும் ஒரு பக்கக் கட்டுரையில், அவர் புவியியல் கற்றாரா என்பது தெரிந்துவிடும்.

திரும்பிப் போவது

ஒரு முறை போனால் போதாது. ஜனவரியில் போனால் வாய் திறந்திருக்கும், பூநாரைகள் சேற்றில் தலைகீழாகச் சலித்துக்கொண்டிருக்கும், எல்லோருக்கும் படம் எடுக்க ஆசையாக இருக்கும். அதே குழு மே மாதத்திலும் போக வேண்டும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். கழியில் நீர் குறைந்து, வெயில் கண்ணைக் கூசவைக்கும். அதே மூன்று இடத்து நீரில் அதே ஸ்கெட்ச் பேனாக் குழலை மிதக்கவிட்டால் கோடு எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம்.

மே மாதப் பயணத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. ஜனவரியில் வரைந்த வரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து ஊர்ப் பொதுக் கூடத்தில் விரித்து வைத்து, ஒரு சிவப்புப் பேனாவைப் பக்கத்தில் வைக்க வேண்டும். ஆசிரியர்கள் ‘நீர்ப்பரப்பு’ என்று நீலம் தீட்டி வெறுமையாக விட்ட இடத்தில்தான் ஊர்ப் பெரியவர்கள் முதலில் கை வைப்பார்கள். அங்கேதான் அவர்களுடைய பெயர்கள் இருக்கின்றன. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு பெயர். எழுதுவதற்கு இடம் போதாமல் போகலாம், அதனால் நீலத்தை வெளிறிய நிறத்தில் அச்சிடுவது நல்லது.